இல்லத்திற்கும் ஒரு பாலாலயம்

'வீட்டைக் கட்டிப் பார். கலியாணம் பண்ணிப் பார்' என்றார்கள் நம் முன்னோர். ஒரு மனிதனின் கையிருப்பை மட்டுமன்றி, அவனுடைய பொறுமையையும் நேர்மையையும் உறவுகளின் உறுதியையும் அளந்து காட்டும் செயல்கள் அவை இரண்டும் என்பது அப்பழமொழியின் கருத்து. அவ்விரண்டினும் கடுமையான மூன்றாவது சோதனை ஒன்று உண்டு. குடியிருக்கும் வீட்டைக் குடியிருந்தவாறே இடித்துத் திருத்திக் கட்டுவதுதான் அது. புதுமனை கட்டுகிறவனுக்கு மாலையில் திரும்பிச் செல்ல வேறொரு கூரை உண்டு. பழைய மனையைப் புதுப்பிக்கிறவனோ, தான் எழுப்பிய புழுதியிலேயே உண்டு, உறங்கி, விழித்தெழ வேண்டியவனாகிறான். அடுப்பு கூடத்திற்கு வருகிறது. அலமாரி வாசலுக்குப் போகிறது. பாட்டியின் கட்டில் எங்கே போவது என்பது மட்டும் ஒருவருக்கும் தெரிவதில்லை.

இரண்டு மாதத்தில் முடியும் என்று தொடங்கிய வேலை ஆறு மாதத்தைத் தொடுகிறது. இருபதாயிரம் வெள்ளி என்று போட்ட கணக்கு முப்பதாயிரத்தைத் தாண்டுகிறது. சுவர் எழும்பும் நாளில் மனமும் எழும்புகிறது. ஆள் வராத நாளில் அது சரிந்து விழுகிறது. இந்த ஏற்ற இறக்கங்களை எவ்வாறு தாங்குவது? கொத்தனாரையும் தச்சரையும் கேட்க வேண்டிய கேள்வி போல இது தோன்றும். ஆழ்ந்து நோக்கினால், இஃது அறத்தைச் சார்ந்த கேள்வி என்பது விளங்கும். ஏனெனில், வீடு புதுப்பிக்கையில் எழும் துன்பம் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. முடிவெடுப்பவர் ஒருவர், புழுதியை உண்பவர் வேறொருவர். ஆகவே, துன்பத்தை எவ்வாறு தாங்குவது என்று கேட்பதற்கு முன்னர், அதை யார் தலையில் இறக்கி வைக்கிறோம் என்று கேட்பதே முறையாகும்.

மலாக்கா மாநிலத்தின் அலோர் காஜா மாவட்டத்தில் மஸ்ஜித் தானா என்றோர் ஊர் இருக்கிறது. அப்பெயருக்கு 'மண் பள்ளிவாசல்' என்பது பொருள். மண்ணால் எழுப்பப்பட்ட பழைய தொழுகை இல்லம் ஒன்றால் ஊர் இப்பெயர் பெற்றது என்று வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். மண்சுவர், ஒருமுறை எழுப்பிவிட்டு மறந்துபோகத் தக்கதன்று. பெருமழைக்குப் பின் அதனைச் சுற்றிவந்து பார்க்க வேண்டும். கரைந்த இடத்தைப் பூச வேண்டும். பழுது நீக்கும் கைகள் உள்ளவரையில்தான் அது சுவராக நிற்கும். கல்லும் சிமெண்டும் வந்த பிறகு இவ்வுண்மையை நாம் மறந்துவிட்டோம். புதுப்பித்தல் என்பது வாழ்வில் ஒரே ஒரு முறை வந்து போகும் தொல்லை என்று எண்ணுகிறோம். அஃது உண்மையில் வீட்டோடு பிறந்து வீட்டோடு வளரும் கடமை.

இவ்வட்டாரத்துத் தமிழருக்கு வீடு என்பது வெறும் செங்கலும் ஓடும் அன்று. ரப்பர்த் தோட்டத்து லயங்களில் பிறந்து வளர்ந்தவர்கள் நம்முள் பலர். அவர்களுடைய மக்களும் பேரர்களும் எஞ்சியோர். லயத்து வீடு முதலாளியின் உடைமை. வேலை இருக்கும்வரை அது வீடு. வேலை போனால் அன்றே அது பிறர் வீடு. பின்புறம் ஒரு தாழ்வாரம் இறக்க வேண்டுமானாலும் கிராணியின் முகத்தைப் பார்க்க வேண்டும். துரையின் தலையசைப்புக்குக் காத்திருக்க வேண்டும். கூரை ஒழுகினால், நிர்வாகம் மனம் வைக்கும்வரை பாத்திரத்தை வைத்து நீரைப் பிடித்தவர்கள் அவர்கள். ஐம்பதுகளில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்க முற்பட்டபோது, அவை துண்டு துண்டாகக் கைமாறின. அந்தத் துண்டாடலில் வேலையும் வீடும் ஒருசேரப் போய்விடும் என்னும் அச்சம் பரவியது. அவ்வச்சத்திற்கு விடையாகவே 1960ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தோட்டத் தொழிலாளர் மாதந்தோறும் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்குதாரர் ஆயினர். நிலத்தில் தமக்கும் ஓர் உரிமை வேண்டும் என்ற ஏக்கம் அந்தப் பத்து வெள்ளியில் இருந்தது.

பின்னர், தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் சிறுநகரங்களின் தாமான்களில் குடியேறின. 1982ஆம் ஆண்டில் மலிவு விலை வீடு ஒன்றின் விலை 25,000 வெள்ளி என அரசு வரையறுத்தது. 1998இல் இடத்திற்கேற்ப அது 42,000 வெள்ளி வரை உயர்த்தப்பட்டது. அவ்வீடுகள் சிறியவை. குசினியில் இருவர் சேர்ந்தாற்போல் நிற்க முடியாது. ஆயினும் அதன் சுவரில் ஓர் ஆணியடிக்க எவருடைய முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. அந்த உரிமையின் அருமை, அதனை இழந்து வாழ்ந்தவர்க்கே தெரியும்.

ஆதலால் நம்மவர் தம் வீட்டின் குசினியைப் பின்னால் நீட்டிக் கட்டும்போது, அங்கே எழுவது ஒரு குசினி மட்டுமன்று. தாத்தா கேட்டும் கிடைக்காத ஒரு தாழ்வாரமும் சேர்ந்தே எழுகிறது. புதுப்பித்தலில் நம் மனம் அளவுக்கு மீறிக் கொதிப்பதற்கும் இதுவே காரணம். சுவர் சற்றே கோணினால் வாழ்வே கோணிவிட்டதாகப் பதறுகிறோம். தரை ஓட்டின் நிறம் மாறி வந்தால், எவரோ நம்மை அவமதித்துவிட்டதாகக் கருதுகிறோம். ஓர் ஓட்டின்மேல் ஒரு தலைமுறையின் பாரத்தை ஏற்றி வைத்தால் அது தாங்குமா? வீட்டின் மேல் நாம் ஏற்றும் எதிர்பார்ப்பு எவ்வளவு என்பதை முதலில் உணர்ந்துகொள்ளுதல் நலம். உணர்ந்தவனுக்கு ஏமாற்றம் வரும். ஆனால் அந்த ஏமாற்றம் அவனை வீழ்த்தாது.

இனி, இடர்கள் வரும் வழிகளை நோக்குவோம். பழைய வீட்டை இடிப்பது மூடிய ஏட்டைத் திறப்பது போன்றது. பலகையைப் பெயர்த்தால் கரையான் அரித்த உத்திரம் வெளிப்படுகிறது. தரையைக் கொத்தினால் கசியும் குழாய் தெரிகிறது. பழைய கூரைத் தகடுகளில் கல்நார் கலந்திருக்கக்கூடும். அதனை அடித்து நொறுக்கினால் அத்தூசு நுரையீரலுக்குப் பகையாகும். மலாக்கா வட்டாரத்து வானமோ காலையில் சிரித்துவிட்டு மாலையில் இடித்துக் கொட்டும். பூசிய சுவர் காய்வதற்குள் மழை வந்து அதனை நனைக்கும். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி, வீட்டைத் திருத்திக் கட்டுமுன் ஊராட்சி மன்றத்தின் எழுத்து இசைவு வேண்டும். இசைவின்றி எழுப்பிய சுவரை இடிக்கச் சொல்லும் நிலையும் வரலாம். இவற்றுக்கெல்லாம் மேலாக, எவரும் எண்ணிப் பாராத இடர்களும் உண்டு. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு நடப்புக்கு வந்தபோது, நாடு முழுவதும் கட்டுமானப் பணிகள் நின்றன. கூரை பிரித்த வீடுகள் பிரித்தபடியே கிடந்தன. அங்கே குற்றவாளி என்று எவரைச் சுட்ட முடியும்?

உரோமைப் பேரரசில் அடிமையாகப் பிறந்து அறிஞராக உயர்ந்த எபிக்டெட்டஸ் என்பவர், உலகப் பொருள்களை இரண்டாகப் பிரித்துக் காண வேண்டும் என்று போதித்தார். நம் கட்டுக்குள் இருப்பவை ஒருபால். நம் கட்டுக்கு அடங்காதவை மற்றொருபால். முன்னதில் முயல்க, பின்னதில் அமைதி கொள்க என்பது அவர் நெறி. வீட்டைப் புதுப்பிக்கிறவனுக்கு இந்நெறி பெரிதும் துணை செய்யும். மழை நம் கட்டுக்குள் இல்லை. மழைக்கு முன் தார்ப்பாய் வாங்கி வைப்பது நம் கட்டுக்குள் இருக்கிறது. சிமெண்டின் விலை நம் கையில் இல்லை. வேலையின் அளவைச் சுருக்கிக்கொள்வது நம் கையில் இருக்கிறது. தமிழிலும் இந்நெறிக்கு ஒத்த வைப்புமுறை உண்டு. வள்ளுவர் ஆள்வினையுடைமையை 62ஆம் அதிகாரமாக வைத்து, அதற்கு அடுத்தபடியாக இடுக்கண் அழியாமையை வைத்தார். முயன்றவனுக்கே இடுக்கண் வரும். இடுக்கணில் அழியாதவனுக்கே முயற்சி கைகூடும் என்னும் தொடர்பு அவ்வரிசையில் புலப்படுகிறது.

ஆயினும் இவ்விரு பிரிவோடு நின்றுவிட்டால் போதாது என்றே நான் கருதுகிறேன். என் துன்பத்தை நான் அமைதியோடு தாங்கலாம். என்னால் பிறர்க்கு நேரும் துன்பத்தையும் நான் அவ்வாறே 'தாங்கிக்கொள்வது' அறமாகுமா? வேலை இழுத்துக்கொண்டே போகும்போது, 'எல்லாம் நன்மைக்கே' என்று குடும்பத் தலைவன் புன்னகை புரியலாம். மூன்று மாதமாகப் பின்வாசலில் அமர்ந்து பாத்திரம் துலக்கும் இல்லத்தரசியின் இடுப்பு வலி, அப்புன்னகையால் குறையாது. இரும்பை அறுக்கும் ஓசையின் நடுவே தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கு அப்பொறுமையால் பயனில்லை. பொறுமை என்பது தன் துன்பத்தின் மீது காட்ட வேண்டிய பண்பு. பிறர் துன்பத்தின் மீது காட்ட வேண்டியது பரிவு. இவ்விரண்டையும் இடம் மாற்றி வைத்துக்கொள்வதால்தான், புதுப்பித்த வீடுகள் பலவற்றில் பொலிவு இருந்தும் மகிழ்ச்சி இருப்பதில்லை.

இச்சிக்கலுக்கு நம் மரபிலேயே ஒரு விடை இருக்கிறது. அதனைத் தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. மஸ்ஜித் தானாவிலிருந்து மலாக்கா நகருக்கு வந்தால், ஜாலான் துக்காங் எமாஸ் என்னும் தெருவில் ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் நிற்கிறது. 1781ஆம் ஆண்டில் தோன்றி, மலாக்காச் சிட்டிச் சமூகத்தாரின் காப்பில் இன்றளவும் வழிபாடு நடந்துவரும் கோயில் அது. அதே வட்டாரத்தில் 1748இல் மரத்தால் எழுந்து, 1872இல் செங்கல்லால் மீண்டும் கட்டப்பட்ட கம்போங் கிளிங் பள்ளிவாசலும் இருக்கிறது. பழைமை என்பது தொடாமல் விட்டு வைத்ததால் நிலைத்ததன்று. மீண்டும் மீண்டும் புதுப்பித்ததால் நிலைத்தது என்பதற்கு இவை சான்று.

கோயிலைப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்துவது நம் மரபு. அத்திருப்பணி தொடங்குமுன் செய்யப்படும் ஒரு சடங்கு நம் சிந்தனைக்கு உரியது. கருவறையில் உளி படுவதற்கு முன்னர், இறைவனின் ஆற்றலைக் குடத்திலோ சித்திரப் பலகையிலோ எழுந்தருளச் செய்து, ஓரமாக அமைத்த சிற்றிடம் ஒன்றில் வைக்கின்றனர். அதற்குப் பாலாலயம் என்று பெயர். இளங்கோயில் என்றும் வழங்குவர். திருப்பணி எத்தனை ஆண்டு நீண்டாலும், அச்சிற்றிடத்தில் விளக்கு அணைவதில்லை; நாள் வழிபாடு தவறுவதில்லை. கோபுரத்தில் சாரம் கட்டியிருக்கும். மண்டபத்தில் மணல் குவிந்திருக்கும். இளங்கோயில் மட்டும் கழுவிக் கோலமிட்டுத் தூய்மையாக இருக்கும்.

இதில் அடங்கிய நுட்பம் என்ன? கட்டடம் வேறு, அதில் உறையும் உயிர்ப்பு வேறு என்று நம் முன்னோர் பிரித்தறிந்தனர். கட்டடத்தைக் கலைக்கலாம், உயிர்ப்பைக் கலைக்கலாகாது. வேலை முடிந்த பிறகு வழிபடலாம் என்று அவர்கள் வழிபாட்டை ஒத்திவைக்கவில்லை. நாமோ வீடு புதுப்பிக்கையில் வாழ்வையே ஒத்திவைக்கிறோம். 'எல்லாம் முடியட்டும், பிறகு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம். எல்லாம் முடியட்டும், பிறகு பிள்ளைகளோடு பேசலாம்' என்கிறோம். எல்லாம் முடிகிறபோது, சேர்ந்து உண்ணும் பழக்கமும் முடிந்து போயிருக்கிறது.

ஆகவே, சுத்தியலை எடுக்குமுன் இல்லத்திற்கும் ஒரு பாலாலயம் அமைத்தல் வேண்டும். ஓர் அறை, அதுவும் இயலாதெனில் ஓர் அறையின் மூலை, புழுதி புகாதபடி துணியிட்டு மறைக்கப்படட்டும். அங்கே விளக்கு இருக்கட்டும். முதியவரின் கட்டிலும் மருந்தும் இருக்கட்டும். பிள்ளையின் மேசை இருக்கட்டும். எல்லாரும் வட்டமாக அமர்ந்து ஒருவேளையேனும் உண்ண இடம் இருக்கட்டும். வீட்டில் மிக வலுவற்றவர் எவரோ, அவரை நடுவாக வைத்தே அவ்விடம் வகுக்கப்பட வேண்டும். அதற்குச் சிறிது பணமும் இரண்டு நாளும் செலவாகும். அதனை வீண்செலவென்று நினைப்பவர்கள், பின்னர் மருத்துவத்திலும் மனக்கசப்பிலும் அதனினும் மிகுதியாகச் செலுத்துவர். அச்சிற்றிடம் அமைந்துவிட்டால், வேலை ஒரு மாதம் தள்ளிப்போனாலும் வாழ்வு தள்ளிப்போகாது. இறக்கத்தைத் தாங்கும் வலிமை வேறெங்கிருந்தும் வருவதில்லை; அந்த மூலையிலிருந்தே வருகிறது.

அளவறிதல் இதனோடு சேர்ந்த அறம். மஸ்ஜித் தானாவைச் சூழ்ந்த கம்பங்களில், வண்ண ஓடு பதித்த படிக்கட்டுகளையுடைய மலாய் மக்களின் பழைய மரவீடுகளை இன்றும் காணலாம். மலாய் மரவீடு முழுமையும் ஒரே நாளில் எழுவதன்று. முதலில் 'ரூமா இபு' என்னும் தாய்வீடு எழும். குடும்பம் பெருகப் பெருக, கையில் பொருள் சேரச் சேர, முன்கூடமும் பின்குசினியும் ஒவ்வொன்றாக ஒட்டி வளரும். தேவை முன்னே செல்லும். கட்டடம் அதன் பின்னே வரும். நாம் பெரும்பாலும் இதனைத் தலைகீழாகச் செய்கிறோம். அண்டை வீட்டார் முன்வாசலைப் பெரிதாக்கினார் என்பதற்காக நாமும் பெரிதாக்குகிறோம். கடன் முன்னே செல்கிறது. தேவை அதன் பின்னே நொண்டி நொண்டி வருகிறது. இறக்கத்தில் கலங்குவது போலவே ஏற்றத்தில் மயங்குவதும் ஒரு தளர்ச்சிதான். கட்டிய சுவரின் அழகில் மயங்கி, 'இதையும் சேர்த்துச் செய்துவிடலாம்' என்று சொல்லும் அந்த ஒரு நொடியில்தான் பல குடும்பங்களின் சேமிப்பு கரைந்திருக்கிறது.

இறுதியாகச் சொல்ல வேண்டியதும் முதன்மையானதும் ஒன்றுண்டு. நம் வீட்டுச் சுவரை எழுப்பும் கைகள் யாருடையவை? இந்நாளில் பெரும்பாலும் அவர்கள் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் மியன்மாரிலிருந்தும் வந்தவர்கள். கடல் கடந்து, கடன்பட்டு, மொழி அறியாத நாட்டில் உழைத்து, ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்கள். இந்தக் கதையை நாம் எங்கோ கேட்டிருக்கிறோம் அல்லவா? கங்காணியின் பின்னே கப்பலேறி வந்த நம் பாட்டனின் கதை இதுவன்றோ! தோட்டத் தொழிலாளருக்குத் தக்க வீடு தர வேண்டும் என்பதற்காக எழுந்ததே தொழிலாளர் வீடமைப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டம். 1990ஆம் ஆண்டின் அச்சட்டம் 2019இல் திருத்தப்பட்டு, 2020 ஜூன் முதல் நாளிலிருந்து கட்டுமானத் தொழிலாளர் உள்ளிட்ட எல்லாத் துறைத் தொழிலாளரையும் தழுவி நிற்கிறது. லயத்தில் வாழ்ந்தோரின் துன்பத்திற்கு விடையாக வந்த சட்டம், இன்று நம் வீட்டைக் கட்டுகிறவர்க்கும் குடையாகியிருக்கிறது. இதனை அறிந்த பின்னும், வெயிலில் நிற்கும் அவர்க்கு ஒரு குவளை நீர் தர மனமின்றி, ஓர் ஓடு உடைந்ததற்கு வாய்க்கு வந்தபடி வைவோமாயின், லயத்தில் நாம் பட்ட துன்பத்திலிருந்து எதைக் கற்றோம்?

'அவ்வாறாயின் ஏமாற்றுகிறவர்களையும் பொறுத்துக்கொள்ள வேண்டுமா? முன்பணம் வாங்கிக்கொண்டு முகம் காட்டாமல் போகும் குத்தகையாளரை என் செய்வது?' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பொறுமை வேறு, ஏமாளித்தனம் வேறு. வேலையின் அளவு, பொருளின் தரம், முடிக்கும் நாள், பணம் தரும் படிகள் ஆகிய அனைத்தையும் தொடங்குமுன் எழுத்தில் வைக்க வேண்டும். முடிந்த வேலைக்கே பணம் என்று படிப்படியாகத் தர வேண்டும். குத்தகையாளர் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிந்தவரா என்று பார்க்க வேண்டும். மீறி வஞ்சிக்கப்பட்டால், 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த நடுவர் மன்றத்தை நாடலாம். அங்கு 50,000 வெள்ளி வரை கோரலாம். வழக்கறிஞருக்குக் கூலி தர வேண்டியதில்லை. உறுதி என்பது தாளில் இருக்க வேண்டும். நாவில் இனிமை இருக்க வேண்டும். நாம் பெரும்பாலும் தாளை வெற்றாக விட்டுவிட்டு, நாவால் உறுதி காட்ட முற்படுகிறோம். அந்தச் சுடுசொல்லும் குத்தகையாளரைச் சென்று சேர்வதில்லை. சாரத்தின்மேல் நிற்கும் கூலியாளின் மீதே விழுகிறது. அவரோ ஒப்பந்தம் செய்தவரும் அல்லர், முன்பணம் வாங்கியவரும் அல்லர்.

அதுபோலவே, நம் பணமுடையை அவர் கூலியில் கழித்துக்கொள்வதும் தகாது. செலவு மிஞ்சிவிட்டதென்றால் நம் ஆசையில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம். தொங்கும் விளக்கு இல்லாவிட்டால் வீடு இருண்டுவிடாது. கொடுக்க வேண்டிய கூலியைக் கொடாமல் நிறுத்திய பணத்தில் ஏற்றிய விளக்கோ, எவ்வளவு ஒளிர்ந்தாலும் அவ்வீட்டில் இருள் நீங்காது.

வேலை ஒருநாள் முடியும். சாரம் இறங்கும், சுவருக்கு வண்ணம் ஏறும், பாட்டியின் கட்டில் தன் இடத்திற்குத் திரும்பும். நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சுவோம். குடமுழுக்கு நாளில் கோயிலை எழுப்பிய சிற்பிக்கு மாலையும் புத்தாடையும் தந்து சிறப்புச் செய்வது நம் வழக்கம். அவ்வழக்கம் நம் இல்லத்திலும் தொடரட்டும். பால் காய்ச்சும் நாளில் உறவினர்க்கு இலை போடுமுன், அச்சுவரை எழுப்பியவர்களை அழைத்து, அவர்கள் பதித்த தரையிலேயே அமர்த்தி, முதற் பந்தியில் உணவு படைப்போம். அவர்கள் உண்டு மனம் நிறைந்து எழுந்தால், சுவரில் எங்கேனும் சிறு கோணல் இருப்பினும் பெரிதில்லை. அந்த வீட்டில் நாம் நிம்மதியாக உறங்கலாம்.